30 பவுண்டு தண்டவாளம் பலவீனமா? கொலராடோ நேரோகேஜ் பாதைகளைப் பற்றி ஒரு கேள்வி

மாதிரிமலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொலராடோவின் பழைய 3 அடி கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 3 அடி, அதாவது நேரோகேஜ்) பாதை ஒன்றை 87ல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி வருகிறேன். டென்வர் அண்டு ரியோ கிராண்ட் ரயில்வே. சாமாவிலிருந்து கும்ப்ரெஸ் கணவாய்க்கு ஏறும் மலைப்பகுதி மட்டும். ஒரே இடத்தை இரண்டு காலத்தில் காட்ட ஆசை: மேல் தட்டில் 1880கள், கீழ்த் தட்டில் 1950கள்.

தண்டவாளத்தில்தான் சிக்கல். முதலில் 30 பவுண்டு போட்டார்கள் என்று படிக்கிறேன். 1950களில் அதே ரயில்வேயின் முக்கியப் பாதையில் 70, 85, 90 என்று வருகிறது. கேஜ் மாறவில்லை, மலை மாறவில்லை, தண்டவாளம் மட்டும் மூன்று மடங்கு. மாதிரிக் கடைகளில் கோட் 40, கோட் 55, கோட் 70 என்று விற்கிறார்கள். எதை எங்கே போடுவது? 30 பவுண்டு பாதை பார்வைக்கு எப்படி இருக்கும்? அதன் மேல் எந்த இன்ஜினை நிறுத்தினால் விஷயம் தெரிந்தவர் முகம் சுளிக்கமாட்டார்?

பிஷ்பிளேட் எழுதியது:

முதலில் அளவு. பவுண்டு என்றால் ஒரு கெஜ நீளத் தண்டவாளத்தின் எடை. 30 பவுண்டு என்பது மீட்டருக்கு சுமார் 15 கிலோ. நம் ஊர் பிராட்கேஜில் இன்று கிடக்கும் 60 கிலோ தண்டவாளத்தில் கால் பங்குதான். பழைய ஆட்கள் 90ஆர் என்று சொல்வது கெஜத்துக்கு 90 பவுண்டு, மீட்டருக்கு 44.6 கிலோ. ஆக 1950களில் கொலராடோவின் 3 அடி கேஜில் கிடந்தது நம்முடைய பழைய பிராட்கேஜ் தண்டவாளத்தின் எடை. இதை நினைத்துப் பார்த்தாலே அந்த மலையில் என்ன நடந்திருக்கும் என்று புரியும்.

உயரம்தான் உங்களுக்கு வேண்டியது. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1893ல் வகுத்த வடிவங்களில் உயரமும் அடிப்பாகத்தின் அகலமும் சமம். 30 பவுண்டுக்கு 3⅛ அங்குலம், 40க்கு 3½, 60க்கு 4¼, 70க்கு 4⅝, 85க்கு 5 3/16, 90க்கு 5⅜. உங்கள் கடையில் சொல்லும் கோட் எண் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 87ஆல் பெருக்கிப் பாருங்கள். கோட் 40 என்றால் 3½ அங்குலம், அதாவது 40 பவுண்டு. கோட் 55 என்றால் 4.8 அங்குலம், 70 பவுண்டுக்குச் சற்று மேல். கோட் 70 என்றால் 6.1 அங்குலம். அது 90 பவுண்டையும் தாண்டிவிடுகிறது. நேரோகேஜில் அதைப் போடாதீர்கள்.

மேல் தட்டுக்கு கோட் 40, கீழ்த் தட்டுக்கு கோட் 55. என் பதில் இவ்வளவுதான்.

சரிவுப்பாதை எழுதியது:

அளவெல்லாம் சரி. 30 பவுண்டு போட்டதன் பின்னணியையும் பேச வேண்டும். இந்த ரயில்வேயைத் தொடங்கிய ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர் கையில் பணம் குறைவு, போக வேண்டிய தூரம் அதிகம். 1871 ஜூலையில் டென்வரில் முதல் ஆணி அடித்தார்கள், அக்டோபருக்குள் 76 மைல் தள்ளி கொலராடோ ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரும்புத் தண்டவாளம், கைக்குக் கிடைத்த மரத்தில் ஸ்லீப்பர் கட்டை, ஜல்லிக்குப் பதில் மண். நீண்ட நாள் நிற்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியதாக எனக்குத் தெரியவில்லை. முதலில் போய்ச் சேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற மனநிலைதான். டென்வர்–பியூப்லோ பாதையில் 1881லேயே மூன்றாவது தண்டவாளம் போட்டு ஸ்டாண்டர்டு கேஜ் (4 அடி 8½ அங்குலம்) வண்டிகளையும் ஓட்ட ஆரம்பித்தார்கள். 1890ல் டென்னஸி கணவாய் வழியாக முக்கியப் பாதை முழுவதும் ஸ்டாண்டர்டு கேஜ் ஆகிவிட்டது. 19 வருடத்தில் கொள்கையையே கைவிட்டார்கள் என்றால் முதலில் போட்டது போதாது என்றுதானே பொருள்?

ஆணிச்சுத்தி எழுதியது:

> முதலில் போட்டது போதாது என்றுதானே பொருள்?

இல்லை சார். இந்தக் கருத்து எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தண்டவாளத்தின் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதன் மேல் ஏறும் சக்கரம் ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பால்டுவின் இன்ஜின் தொழிற்சாலையின் விலைப்பட்டியல்களில் ஒரு விதி வரும்: கெஜத்துக்கு 10 பவுண்டு எடையுள்ள எஃகுத் தண்டவாளம் ஒரு சக்கரத்துக்கு 3,000 பவுண்டு பாரம் தாங்கும். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. 30 அடி தண்டவாளத்துக்குக் குறைந்தது 14 கட்டை இருக்க வேண்டும், அவை ஒழுங்காகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த விதிப்படி 30 பவுண்டு எஃகு ஒரு சக்கரத்துக்கு 9,000 பவுண்டு தாங்கும். இரும்பு என்றால் இதைவிடக் குறையும்.

இப்போது இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். 1871ல் வந்த முதல் இன்ஜின் மான்டெசூமா, சுமார் 12½ டன் (2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்), அதாவது 25,000 பவுண்டு. மொத்த எடையும் நான்கு இயக்கு சக்கரங்களில் விழுந்தால்கூட ஒரு சக்கரத்துக்கு 6,250 பவுண்டுதான். உண்மையில் முன்சக்கரங்களும் கொஞ்சம் சுமக்கும், அதனால் இன்னும் குறைவு. அடுத்து 1870களின் கடைசியிலும் 1880களின் தொடக்கத்திலும் கும்பலாக வாங்கிய 2-8-0 இன்ஜின்கள் (முன்னால் 2 சிறு சக்கரம், நடுவில் 8 இயக்கு சக்கரம், பின்னால் ஒன்றும் இல்லை). அவற்றுக்கு ரயில்வே வைத்த பெயர் 60ஆம் வகுப்பு. ஏன் 60? எடை 60,000 பவுண்டு என்பதால். பின்னாளில் இவற்றையே சி-16 என்று அழைத்தார்கள். எட்டு இயக்கு சக்கரங்கள். மொத்த எடையையும் எட்டால் வகுத்தால்கூட 7,500. விதியின் 9,000க்கு உள்ளேதான் நிற்கிறது.

ஆக 30 பவுண்டு தண்டவாளமும் 60ஆம் வகுப்பு இன்ஜினும் ஒன்றையொன்று அறிந்து செய்யப்பட்டவை. அலட்சியமான வேலை என்று இதைச் சொல்ல மனம் வரவில்லை. மலையில் கணக்குப் பார்த்துக் கட்டிய பாதை அது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1903ல் பால்டுவின் 15 புது இன்ஜின்களை அனுப்புகிறது. 2-8-2, சட்டம் சக்கரங்களுக்கு வெளியே, பெரிய பாய்லர். அப்போது பெயர் 125ஆம் வகுப்பு, பின்னாளில் கே-27. இயக்கு சக்கரங்களில் மட்டும் சுமார் 1,08,000 பவுண்டு. சக்கரத்துக்கு 13,500. அதே விதிப்படி குறைந்தது 45 பவுண்டு தண்டவாளம் வேண்டும். 1925ல் வந்த கே-36, இயக்கு சக்கரங்களில் சுமார் 1,44,000 பவுண்டு. சக்கரத்துக்கு 18,000. விதி கேட்பது 60 பவுண்டு. அவர்கள் போட்டது 70, சில இடங்களில் அதற்கும் மேல்.

வகுப்புப் பெயர் 1924ல் மாறியதைக் கவனியுங்கள். அதுவரை எடையை வைத்துப் பெயர், அதற்குப் பிறகு இழுவிசையை வைத்து. கே-36 என்றால் சுமார் 36,000 பவுண்டு இழுவிசை. பழைய முறையில் எடையை வைத்துப் பெயரிட்டால் அது 190ஆம் வகுப்பு என்று வரும். 60லிருந்து 190. நீங்கள் கேட்ட மூன்று மடங்கு இதுதான், மாதிரிமலை. இன்ஜின் மூன்று மடங்கு கனத்தது, தண்டவாளமும் பின்னாலேயே போனது.

மாதிரிமலை எழுதியது:

மிக்க நன்றி. மேல் தட்டில் சி-16 மட்டும் நிற்கும். கே-27 வாங்கி வைத்திருக்கிறேன், அது கீழே போகிறது.

சரிவுப்பாதை எழுதியது:

ஆணிச்சுத்தி சொல்லும் கணக்கில் குறை இல்லை. ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் இன்ஜினுக்கான கணக்கு. ஓடும்போது சக்கரத்தின் எதிர்எடை ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைக் குத்தும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். கும்ப்ரெஸ் பாதையில் 20 டிகிரி வளைவு இருக்கிறது, ஆரம் 290 அடிகூட வராது. அந்த வளைவில் எட்டு சக்கரம் பிணைத்த இன்ஜின் ஏறும்போது வெளித் தண்டவாளத்தை வெளியே சாய்க்கப் பார்க்கும். 30 பவுண்டின் அடிப்பாகம் வெறும் 3⅛ அங்குலம். அது சாயாமல் பிடித்திருப்பது எது? மென்மையான மரத்தில் அடித்த இரண்டு ஆணி. அடியில் இரும்புத் தட்டுகூடக் கிடையாது. எண் சரியாக இருந்தாலும் கட்டுமானம் பலவீனம்தான் என்பது என் கருத்து.

கேங்மேன்வீடு எழுதியது:

சரிவுப்பாதை சொன்ன இடத்தில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. அப்பா மீட்டர்கேஜில் கீமேனாக (பாதையில் நடந்து தண்டவாளத்தைச் சோதிப்பவர்) இருந்தவர். தண்டவாளத்தைவிட அதைத் தாங்குவதைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் பேசுவார்.

பாரம் எப்படி இறங்குகிறது என்று யோசியுங்கள். சக்கரம் தண்டவாளத்தை அழுத்துகிறது. தண்டவாளம் அந்தப் பாரத்தை இரண்டு மூன்று கட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டை அதை ஜல்லிக்கும் மண்ணுக்கும் கொடுக்கிறது. கனமான தண்டவாளம் விறைப்பாக இருப்பதால் அதிகக் கட்டைகளுக்குப் பகிர்ந்துவிடும். இலகுவான தண்டவாளம் வளைந்துகொடுக்கும், அதனால் சக்கரத்துக்கு நேர் கீழே உள்ள கட்டைக்கே பெரும்பாரம் போகும். எனவே இலகுத் தண்டவாளம் போட்டால் கட்டையை நெருக்கிப் போட வேண்டும். பால்டுவின் சொன்ன 14 கட்டை என்பது மைலுக்கு 2,464. அது குறைந்தபட்சம். மலையில் அதற்கு மேல் போட்டால்தான் 30 பவுண்டு நிம்மதியாகக் கிடக்கும். கொலராடோவில் கட்டை மலையிலேயே வளர்ந்தது, கோடாரியால் இரண்டு பக்கம் செதுக்கிப் போட்டார்கள். இரும்பு வெகுதூரத்திலிருந்து வர வேண்டும். எது மலிவோ அதை அதிகமாகப் போட்டு, எது விலையோ அதைக் குறைத்தார்கள். நல்ல பொறியாளர் இதைத்தான் செய்வார்.

அப்புறம் கட்டை அறுபடுவது. தண்டவாளத்தின் அடிப்பாகம் குறுகலாக இருந்தால் மரத்துக்குள் புதையும். பைன் மரம் என்றால் சீக்கிரம். அதற்குத்தான் பிற்காலத்தில் அடியில் இரும்புத் தட்டு வைத்தார்கள். தட்டு வைத்ததும் ஆணிகள் இரண்டும் சேர்ந்து பிடிக்கும், பக்கவாட்டுத் தள்ளுதலும் குறையும். வளைவில் வெளிப்பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்துவதும் உண்டு. 30 பவுண்டு காலத்தில் இந்த வேலை முழுவதும் கேங்மேன்களின் கையில் இருந்தது. கேஜ் விரிந்திருக்கிறதா என்று நாளும் பார்க்க வேண்டும், ஆணி தளர்ந்தால் பிடுங்கி, பழைய துளையில் மரச்சக்கை அடித்து, மறுபடி அடிக்க வேண்டும்.

இன்னொன்று, சாமாவிலிருந்து கும்ப்ரெஸ் வரை ஏற்றம் 4 சதவீதம், நம் கணக்கில் 25க்கு 1. அப்படிப்பட்ட சரிவில் தண்டவாளம் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். இறங்கும் வண்டி பிரேக் பிடிக்கப் பிடிக்க அதைக் கீழே தள்ளும். நம் நீலகிரிப் பாதையில் கல்லாறுக்கு மேல் 12½க்கு 1 ஏற்றம், பல்சக்கரப் பட்டையும் சேர்ந்து நகரப் பார்க்கும், அதனால் அங்கே எல்லாவற்றையும் எஃகு ஸ்லீப்பரோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கும்ப்ரெஸில் பல்சக்கரம் இல்லை. 14 மைல் முழுக்க வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறினார்கள்.

மாதிரிமலை எழுதியது:

கேங்மேன்வீடு அண்ணா, இது பொக்கிஷம். ஒரு சந்தேகம்: தண்டவாள எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் பலமும் இரண்டு மடங்குதானா?

பிஷ்பிளேட் எழுதியது:

அதைவிட அதிகம். வடிவம் அதேதான், அளவு மட்டும் பெரிது என்று வைத்துக்கொண்டால் எடை இரண்டு மடங்காகும்போது உயரம் 1.4 மடங்காகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்பு எடையின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 60 பவுண்டு 30ஐவிட நான்கு மடங்கு விறைப்பு. முறியாமல் தாங்கும் பலம் சுமார் 2.8 மடங்கு. மேலே கொடுத்த உயரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 3⅛க்கும் 4¼க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ அதுதான்.

ஆனால் இரும்புச் செலவு நேர்விகிதத்தில் ஏறுகிறது. பழைய சூத்திரம் ஒன்று உண்டு: கெஜ எடையை 11ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு எத்தனை டன் என்று வரும், 2,240 பவுண்டு டன்னில். 30 பவுண்டுக்கு 47 டன். 70 பவுண்டுக்கு 110 டன். மைலுக்கு 63 டன் கூடுதல், அதை மாட்டுவண்டியிலும் ரயிலிலும் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். பால்மரின் ஆட்களே பியூப்லோவில் எஃகு ஆலை தொடங்கி 1882ல் தண்டவாளம் உருட்ட ஆரம்பித்த பிறகுதான் கொலராடோவுக்குத் தண்டவாளம் உள்ளூர்ச் சரக்கானது.

தென்னைமரம் எழுதியது:

இதே கேள்விக்கு வேறு ஒரு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. பார்சி லைட் ரயில்வே. மகாராஷ்டிரத்தில், 2½ அடி கேஜ், 1897ல் திறந்தது. எவரார்டு கால்த்ராப் கட்டினார். அதுவும் 30 பவுண்டுதான்!

கால்த்ராப் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்ஜின், பெட்டி, சரக்கு வண்டி எதுவானாலும் ஒரு அச்சுக்கு 5 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார். வழக்கமாக இன்ஜின்தான் பாதையை நொறுக்கும், பெட்டிகள் இலகுவாக இருக்கும், தண்டவாளத்தின் பலம் ரயிலின் பெரும்பகுதிக்கு வீணாகும். அவர் பெட்டியின் அச்சையும் இன்ஜினின் அச்சு அளவுக்கே நிரப்பினார். நான்கு அச்சுள்ள பெரிய சரக்கு வண்டி, அழுத்திச் செய்த எஃகுச் சட்டம். இன்ஜினுக்கு கிட்சன் தொழிற்சாலையிலிருந்து 0-8-4 வகை. பாரத்தைப் பல அச்சுகளில் பரப்பிவிட்டார். அச்சுக்கு 5 டன் (2,240 பவுண்டு டன்) என்றால் சக்கரத்துக்கு 5,600 பவுண்டு. ஆணிச்சுத்தி சொன்ன 9,000 வரம்புக்கு எவ்வளவு கீழே! பண்டரிபுரம் யாத்திரைக் கூட்டத்தையெல்லாம் இந்தப் பாதைதான் சுமந்தது.

கொலராடோவில் சக்கரத்தைக் கனமாக்கித் தண்டவாளத்தை மாற்றினார்கள். பார்சியில் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். பார்சி வழிதான் நேரோகேஜின் இயல்புக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆணிச்சுத்தி எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் பார்சி பெரும்பாலும் சமவெளி. கும்ப்ரெஸில் 4 சதவீத ஏற்றம். அங்கே இழுவிசை வேண்டும், இழுவிசைக்குச் சக்கரத்தின் மேல் பாரம் வேண்டும். பாரம் இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும். இலகு இன்ஜினாகவே வைத்துக்கொண்டால் ஒரு சரக்கு ரயிலுக்கு மூன்று நான்கு இன்ஜின், ஒவ்வொன்றுக்கும் டிரைவரும் ஃபயர்மேனும். 60ஆம் வகுப்புக் காலத்தில் மலைப்பாதைகளில் அப்படித்தான் ஓட்டினார்கள். கனமான இன்ஜின் வாங்கித் தண்டவாளத்தை மாற்றுவது அந்தக் கூலிச் செலவை மிச்சப்படுத்தத்தான். 1950களில் ஃபார்மிங்டன் பக்கம் எண்ணெய், எரிவாயு வேலை பெருகியபோது நீள நீளக் குழாய்களை ஏற்றிய ரயில்கள் இந்தப் பாதையில் போயின. அது கனத்த தண்டவாளமும் கே-36, கே-37 இன்ஜின்களும் இருந்ததால் முடிந்தது.

தண்டவாளத்தை மாற்றப் பணம் இல்லாத பாதைக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ரியோ கிராண்ட் சதர்ன். ஓட்டோ மியர்ஸ் 1890–91ல் ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் கட்டினார். 1893ல் வெள்ளி விலை சரிந்தது, ரயில்வே கடனில் மூழ்கியது. அதற்குப் பிறகு பாதையை முழுசாகக் கனப்படுத்த வழியே இல்லை. இலகுத் தண்டவாளமும் தேய்ந்த கட்டைகளுமாகவே காலம் போனது. 1931ல் அவர்கள் கண்டுபிடித்த வழி தென்னைமரம் சொன்ன கால்த்ராப் வழிதான்: பாரத்தைக் குறை. பழைய ப்யூக் காரின் உடலையும் இன்ஜினையும் வைத்து ரயில் வண்டி செய்தார்கள். கேலப்பிங் கூஸ் என்று பெயர் வந்தது அதற்கு. தபாலும் பயணிகளும் அதில் போனார்கள். அந்த வண்டிகள் இல்லாவிட்டால் அந்தப் பாதை 1951 வரை தாக்குப்பிடித்திருக்காது.

சரிவுப்பாதை எழுதியது:

அப்படியானால் நேரோகேஜின் மலிவு என்ற வாதமே கேஜைப் பற்றியது இல்லை. இலகுத் தண்டவாளம், கூர்மையான வளைவு, சிறிய இன்ஜின். இவற்றால்தான் மிச்சம். 70 பவுண்டு போட்ட பிறகு 3 அடிக்கும் ஸ்டாண்டர்டு கேஜுக்கும் கட்டுமானச் செலவில் பெரிய வித்தியாசம் இராது.

பால்மர் 1870ல் பிரிட்டனுக்குத் தேனிலவு போனபோது பார்த்த வேல்ஸ் நாட்டு ஃபெஸ்டினியோக் பாதையும் இதே கதைதான். கிட்டத்தட்ட 2 அடி கேஜ், 1836ல் குதிரைக்கும் சரிவில் தானாக உருளும் வண்டிக்கும் கட்டியது, அப்போது தண்டவாளம் 16 பவுண்டு. பிறகு 30. நீராவி 1863ல் வந்தது, அந்த 1860கள் முடிவதற்குள் 48 பவுண்டுக்கு மேல் போய்விட்டார்கள். 2 அடி கேஜுக்கு 48! பால்மர் அங்கே பார்த்தது கனப்படுத்திய பாதை. ஊருக்கு வந்து போட்டது 30. அதனால்தான் எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

கேங்மேன்வீடு எழுதியது:

அவர் கையில் இருந்த பணத்துக்கு 48 பவுண்டு போட்டிருந்தால் கொலராடோ ஸ்பிரிங்ஸைத் தாண்டியிருக்க மாட்டார். 30 போட்டதால்தான் 1881ல் டுராங்கோ, 1882ல் சில்வர்டன் வரை போக முடிந்தது. நான் ஆணிச்சுத்தி பக்கம்.

மாதிரிமலை எழுதியது:

இருவர் சொல்வதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன். மேல் தட்டு: கோட் 40, கட்டை நெருக்கமாக, நீளம் ஒழுங்கில்லாமல், ஓரம் உருண்டையாக, தண்டவாளத்தின் அடியில் இரும்புத் தட்டு இல்லை, மண்ணும் சாம்பலும் ஜல்லியாக. கீழ்த் தட்டு: கோட் 55, முக்கியப் பாதையில் இரும்புத் தட்டு. பக்கவழிகளில் என்ன போடலாம்? பாதை பிரியும் இடத்துப் பாயிண்ட்ஸ் எப்படி இருக்கும்? இரண்டும் தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஆணிச்சுத்தி எழுதியது:

பக்கவழிக்கு 1950களிலும் இலகுத் தண்டவாளமே போடுங்கள். முக்கியப் பாதையில் கழற்றிய தண்டவாளத்தை யாரும் எறிவதில்லை. அது கிளைப் பாதைக்கும் யார்டுக்கும் போகும், அங்கிருந்து சுரங்கத்துக்குப் போகும். முக்கியப் பாதை கோட் 55, யார்டு கோட் 40 என்று வைத்தால் இணையும் இடத்தில் உயர வித்தியாசம் வரும். நிஜத்திலும் வந்தது. இரண்டு உயரத்துக்கும் படி வைத்து வளைத்த தனி ஃபிஷ்பிளேட் (தண்டவாள முனைகளை இணைக்கும் பட்டை) போட்டார்கள். அதைச் செய்து காட்டுங்கள். அமெரிக்காவில் இரண்டு தண்டவாளங்களின் ஜாயின்ட்டும் நேருக்கு நேர் வராது, ஒன்றின் ஜாயின்ட் மற்றதன் நடுப்பகுதிக்கு எதிரே வரும். அதையும் மறக்காதீர்கள்.

பிஷ்பிளேட் எழுதியது:

பாயிண்ட்ஸுக்கு நான் சொல்கிறேன். 1880களின் தட்டில் கூர் நாக்குள்ள (நகரும் கூரான முனையுள்ள) பாயிண்ட்ஸ் வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஸ்டப் சுவிட்சுதான் பரவலாக இருந்தது. நாக்கே கிடையாது. வரும் பாதையின் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிய முனையோடு அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி, எந்த வழி வேண்டுமோ அந்த முனைக்கு நேராக நிறுத்துவார்கள். இலகுத் தண்டவாளம் வளைந்துகொடுக்கும் என்று மேலே பேசினோமே, இங்கே அந்தக் குணம்தான் உதவுகிறது. 30 பவுண்டை ஒரு ஆள் நெம்புகோலில் நகர்த்திவிடலாம். ஒரே இடத்தில் மூன்று வழி பிரிவதும் சுலபம்.

குறை என்னவென்றால் முனைகளுக்கு நடுவில் எப்போதும் இடைவெளி வேண்டும், அதில் ஒவ்வொரு சக்கரமும் இடித்துக்கொண்டு போகும். கனமான இன்ஜின் வந்தால் முனை சீக்கிரம் நசுங்கும். வெயிலில் தண்டவாளம் நீளும்போதும், கேங்மேன்வீடு சொன்ன மாதிரி சரிவில் நகர்ந்து வரும்போதும் இடைவெளி அடைபட்டு சுவிட்சு இறுகிவிடும், பிறகு கடப்பாரை வைத்துத் தள்ளினாலும் அசையாது. அதனால் அதைச் சரிவின் நடுவில் வைக்காமல் யார்டின் சமதளத்தில் வையுங்கள். மாதிரியில் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், கோட் 40ல் அதற்கு மேல் விட்டால் சி-16ன் சிறிய முன்சக்கரம் விழுந்துவிடும்.